உட்கார வைத்து எடுத்த படம்

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையோடு சரி. வேலைத்தளத்தில் அத்தனை பேருக்கும் அவர் ஆகாசம்தான். டவர் கிரேன் ஓட்டுகிறவர். மற்றவர்கள் வாசலில் நின்று ஹெல்மெட் வாரை மாட்டிக்கொண்டு கொட்டாவி விடும் நேரத்தில் அவர் ஏணியில் பாதித் தூரம் போயிருப்பார். பிறகு சாயங்காலம்தான் தரை. சாப்பாட்டு டப்பா, தண்ணீர் பாட்டில், சின்ன ரேடியோ, ஒரு பழைய துண்டு, எல்லாம் முதுகுப் பையில் அவரோடு ஏறும். கேபினுக்குள் உட்கார்ந்துவிட்டால் மனிதர் ராஜா. கீழே இருந்து யாராவது வாக்கிடாக்கியில் அதிகாரம் பண்ணினால், "அண்ணே, கொஞ்சம் அண்ணாந்து பார்த்துப் பேசுங்க, கழுத்துக்கு நல்லது" என்பார்.

வேலையில் அவரை ஒரு சொல் சொல்ல முடியாது. கம்பிக்கட்டோ கான்கிரீட் வாளியோ, தூங்குகிற குழந்தையைப் பாயில் கிடத்துவது போல இறக்குவார். கொக்கி ஆடாது. "ஆகாசம் மேல இருந்தா நான் கீழ நிம்மதியா டீ குடிப்பேன்" என்று சூப்பர்வைசர் நாலு பேர் முன்னால் சொல்லியிருக்கிறார். அந்த மனுஷன் வாயிலிருந்து பாராட்டு வருவது குதிரைக் கொம்பு.

இந்தக் கதை ஆகாசத்தின் இதயத்தைப் பற்றியது. காதல் சமாச்சாரம் என்று நினைத்துவிடாதீர்கள். நெஞ்சுக்குள் கிடந்து ராப்பகலாக அடித்துக்கொள்கிறதே, அந்தச் சதையைத்தான் சொல்கிறேன். அதை வைத்து ஒரு மனுஷன் காதில் எப்படிப் பூ சுற்றினார்கள் என்று கேளுங்கள்.

எல்லாம் ஒரு காற்றில் ஆரம்பித்தது. மத்தியானம் சாப்பாட்டு வேளைக்குப் பிறகு எங்கிருந்தோ கிளம்பி வந்தது. அப்படிக் காற்று அடித்தால் கிரேனின் கையைக் கட்டிப் போடக் கூடாது. பிரேக்கைத் தளர்த்திவிட்டு, காற்று போகிற பக்கம் அது திரும்பட்டும் என்று விட்டுவிட வேண்டும். ஆகாசம் அதைச் செய்தார். ஆனால் இறங்குவதற்குள் காற்று முற்றிவிட்டது. ஏணியில் கால் வைத்தால் ஆளைப் பிய்த்து எறிந்துவிடும். சரி, உள்ளேயே இருப்போம் என்று ரேடியோவைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கீழே தகரங்கள் பறந்தன. யாரோ வேலையற்றவன் அவர் வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டான்.

அவர் மனைவி வந்து வாசலில் நின்றாள். புருஷன் உட்கார்ந்திருக்கிற அந்த இரும்புக் கை தன் பாட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சுழல்வதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். காற்று அடங்கி அவர் இறங்கி வந்தபோது அவள் கண்ணெல்லாம் மண். "நீ எதுக்கு வந்த? வீட்டுக் கதவைப் பூட்டினியா?" என்று கேட்டுச் சிரித்தார்.

வீட்டுக்குப் போனதும் சொன்னாள். "போதும்ங்க. கீழ ஏதாவது வேலை பாருங்க."

"கீழயா? கீழதான்மா ஆபத்து. மேல இருந்து எது விழுந்தாலும் கீழ நிக்கிறவன் தலையிலதான் விழும்."

மறுபடி கேட்டாள். கெஞ்சினாள். இரண்டு வேளை சாப்பிடாமல் கிடந்து பார்த்தாள். எல்லாவற்றுக்கும் அவர் ஒரு சிரிப்பு வைத்திருந்தார். பிறகு அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். அவளுக்குச் சலித்துவிட்டது, பழகிவிட்டது என்று ஆகாசம் நினைத்தார். மனிதர் கோட்டை விட்டது அங்கேதான். நச்சரிக்கிற மனைவி திடீரென்று வாயை மூடினால் கொஞ்சம் யோசிக்க வேண்டாமா?

உயரத்தில் வேலை பார்க்கிறவர்களுக்குக் கம்பெனி வருஷத்துக்கு ஒரு முறை உடல் பரிசோதனை செய்யும். கண், காது, ரத்தம், நெஞ்சுப் படம். அதற்கென்று ஒரு ஆஸ்பத்திரி. அந்த ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவன் வேறு யாருமில்லை, ஆகாசத்தின் மைத்துனன். மனைவியின் தம்பி. இவர் அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாகப் போனபோது அரை டிராயர் போட்டுக்கொண்டு நின்றவன். அவனுக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக் கொடுத்ததே இவர்தான். மைத்துனன் அங்கே இருப்பதில் ஆகாசத்துக்கு ஏகப் பெருமை. வரிசையில் நிற்கிறவர்களைப் பார்த்துக் கையை ஆட்டிவிட்டு நேராக உள்ளே போய்விடுவார்.

அந்த வருஷமும் போனார். "என்ன மாப்ள, படத்துல அழகா விழுற மாதிரி எடு" என்றார். வழக்கமாக இதற்கு அவன், "உள்ள இருக்கிறதுதான் மாமா விழும், நான் என்ன பண்ண" என்பான். அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. "ஸ்டாண்டு சரியா நிக்க மாட்டேங்குது மாமா. இப்படி ஸ்டூல்ல உட்காருங்க" என்றான். முதுகுக்குப் பின்னால் பலகையை வைத்தான். மெஷினை முன்பக்கம் தள்ளிக்கொண்டு வந்தான். "மூச்சை வெளிய விடுங்க. இன்னும். இன்னும் விடுங்க. அப்படியே இருங்க."

ஆகாசம் கூனிக் குறுகி, காற்றுப் போன பந்தாக உட்கார்ந்திருந்தார். டக் என்று சத்தம் வந்தது. முடிந்தது.

இரண்டு நாள் கழித்துக் கம்பெனி டாக்டர் கூப்பிட்டு அனுப்பினார். வயதானவர், அவசரக்காரர். வெளிச்சப் பெட்டியில் படத்தை மாட்டி அதன் மேல் ஸ்கேலை வைத்தார். "இதோ பாருங்க. நெஞ்சோட அகலம் இது. இதயம் அதுல பாதிக்குள்ள அடங்கணும். உங்களுக்குத் தாண்டிப் போயிருக்கு. போன வருஷம் இப்படி இல்ல."

"அப்படின்னா?"

"இதயம் பெருத்திருக்கு. பெருத்தா பெரும்பாலும் பம்பு சோர்ந்து போச்சுன்னு அர்த்தம். ஒரு இதய டாக்டரைப் பார்த்து எக்கோ எடுங்க. பம்பிங் எப்படின்னு அதுலதான் தெரியும். அது வரைக்கும் மேல ஏறக் கூடாது."

ஆகாசத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வெளியே வந்து மைத்துனனுக்குத்தான் போன் போட்டார். வேறு யாருக்குப் போடுவார்? அவன், "பயப்படாதீங்க மாமா, நான் பார்த்துக்கிறேன்" என்றான். அடுத்த நாளே வீட்டுக்கு வந்தான். எங்கள் இதய டாக்டரிடம் படத்தைக் காட்டிவிட்டேன், எக்கோவெல்லாம் வேண்டாமாம், படத்திலேயே தெரிகிறதாம், உப்பைக் குறைக்க வேண்டுமாம், பளு தூக்கக் கூடாதாம், ஏறவே கூடாதாம் என்று மடமடவென்று ஒப்பித்தான். ஒரு மாத்திரைப் பொட்டலமும் கொடுத்தான். நம் ஆளும் எக்கோவைப் பற்றித் துருவிக் கேட்கவில்லை. இன்னொரு சோதனை செய்து, இன்னும் மோசம் என்று சொல்லிவிட்டால்? உயரத்தைக் கண்டு பயப்படாத மனுஷன் இதைக் கண்டு பயந்தார்.

கம்பெனி அவரைக் கைவிடவில்லை. சாமான் அறையில் உட்கார வைத்தது. ஸ்பேனர் கொடுப்பது, கையுறை கொடுப்பது, கொடுத்ததைத் திருப்பி வாங்குவது. சுருக்கமாகச் சொன்னால் உப்புக்குச் சப்பாணி. பெயர் மட்டும் மாறவில்லை. "ஆகாசண்ணே, ரெண்டு ஆணி பாக்கெட்" என்று ஜன்னலில் தலையை நீட்டுவார்கள். "ஆகாசண்ணனுக்கு இப்ப பெரிய இதயம்டா, கேட்டதெல்லாம் குடுப்பாரு" என்று ஒருத்தன் கிண்டல் பண்ணினான். முதல் வாரம் இவரும் சேர்ந்து சிரித்தார். பிறகு சிரிப்பு வரவில்லை.

அந்த ஜன்னல் வழியாக கிரேனின் அடிப்பாகமும் ஏணியின் முதல் ஆளுயரமும் தெரியும். மேலே புது ஆள். வேகமான கை. கொக்கியை வெடுக்கென்று இழுப்பான். ஒவ்வொரு வெடுக்குக்கும் இவர் இங்கே நாற்காலியில் பல்லைக் கடிப்பார்.

வீட்டில் உப்பு போய்விட்டது. அவள் அவர் கையிலிருந்து வாளியைப் பிடுங்குவாள். மாடிக்குத் துணி காயப்போடக்கூட விடமாட்டாள். வெளியூரில் வாழ்க்கைப்பட்ட மகள் போன் போட்டு, "அப்பா, எதையும் தூக்காதீங்கப்பா" என்று அழுவாள். ஆகாசம் மெதுவாக நடக்கப் பழகினார். படுத்தால் இடது நெஞ்சில் உள்ளங்கையை வைத்துக்கொள்வார். ஒன்று, இரண்டு, ஒழுங்காக வருகிறது. திடீரென்று ஒன்று பிந்தினால் மூச்சைப் பிடித்துக்கொண்டு அடுத்ததற்குக் காத்திருப்பார். வந்ததும்தான் உயிர் வரும். நெஞ்சுக்குள் ஒரு தொளதொள பை தொங்குவதாக நினைத்துக்கொண்டார். எந்த நேரமும் அது தையல் விட்டுவிடும் என்று பயந்தார். ஐம்பதைத் தாண்டாத மனுஷன், படியில் கைப்பிடியைத் தேட ஆரம்பித்தார்.

ஒரு நாள் அவள் கால் மாட்டில் உட்கார்ந்து அவர் பாதத்தை அமுக்கிவிட்டுக்கொண்டிருந்தாள். ஆகாசத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "நீ மட்டும் இல்லேன்னா என் கதி என்ன ஆயிருக்கும்" என்றார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பாவம், தாங்க முடியாமல் அழுகிறாள் என்று அவர் நினைத்தார்.

இப்படியே ஒரு வருஷம் போயிற்று. அப்போது அவருக்கு இருமல் பிடித்தது. சாமான் அறைத் தூசி, வேறென்ன. விடாத இருமல். மைத்துனன் லீவில் வெளியூர் போயிருந்தான். சூப்பர்வைசர் பொறுக்க மாட்டாமல், "எதிர்த்தாப்புல ஒரு கிளினிக் இருக்குல்ல, போய்ட்டு வாய்யா, உன் சத்தத்துல வாக்கிடாக்கி கேக்கல" என்று விரட்டினார்.

அங்கே எக்ஸ்ரே எடுக்கிறவள் ஒரு சின்னப் பெண். இவர் உள்ளே போனதும் ஸ்டூலைத் தேடினார். "எங்கம்மா உட்காரணும்?"

"எதுக்கு உட்காரணும்? நில்லுங்கய்யா. நெஞ்சைப் பலகையில ஒட்டி வைங்க. கை இடுப்புல. தோளை முன்னாடி தள்ளுங்க."

"இல்லம்மா, எனக்கு உட்கார வச்சுத்தான் எடுப்பாங்க."

"நிக்க முடியாதவங்களைத்தான் அப்படி எடுப்போம். நீங்க கம்பம் மாதிரி நிக்கிறீங்களே. மூச்சை இழுங்க. நல்லா இழுங்க. புடிச்சுக்கங்க."

மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த ஒரு நொடியில் ஆகாசத்துக்குப் பொறி தட்டியது. இழுக்கச் சொல்கிறாளே? அவன் விடச் சொன்னானே?

டாக்டரம்மா படத்தைப் பார்த்தார். "நெஞ்சு சுத்தமா இருக்கு. வெறும் தூசி இருமல்தான். வாயில துணி கட்டிக்கிட்டு வேலை பாருங்க."

"இதயம்?"

"இதயத்துக்கு என்ன?"

"பெருசா இருக்கே டாக்டரம்மா."

"எங்க பெருசா இருக்கு?"

"நல்லாப் பாருங்கம்மா. எனக்கு ஒரு வருஷமா பெருசாத்தான் இருக்கு" என்று ஆகாசம் கிட்டத்தட்ட சண்டைக்கே போய்விட்டார். இருக்கிற வியாதியை இல்லை என்று சொன்னதற்காக டாக்டரிடம் மல்லுக்கு நின்ற ஆளை அந்தக் கிளினிக்கில் அன்றைக்குத்தான் பார்த்திருப்பார்கள். டாக்டரம்மா பொறுமையாக, பழைய படத்தை எப்படி எடுத்தார்கள் என்று கேட்டார். ஸ்டூல், முதுகுப் பக்கம் பலகை, முன்னால் மெஷின், மூச்சை வெளியே விட்டது, எல்லாவற்றையும் இவர் சொன்னார்.

டாக்டரம்மா மேஜை விளக்கைத் திருப்பிச் சுவரில் வெளிச்சம் விழ வைத்தார். கையைச் சுவருக்கு ஒட்டினாற்போல் நீட்டினார். நிழல் கை அளவே இருந்தது. கையை விளக்குப் பக்கம் கொண்டு வந்தார். நிழல் ஊதிப் பெருத்தது. "எக்ஸ்ரேயும் நிழல்தான். இதயம் நெஞ்சுல முன்பக்கமா இருக்கு. நெஞ்சு பலகையில ஒட்டினா நிழல் சரியா விழும். முதுகை ஒட்டினா இதயம் பலகைக்குத் தூரமாயிடும், நிழல் பெருசாயிடும். மூச்சை வெளிய விட்டா நுரையீரல் சுருங்கி, கீழ இருந்து வயிறு மேல தள்ளி, இதயம் படுத்துக்கும். இன்னும் அகலமாத் தெரியும்."

ஆகாசத்துக்கு இதை யாரும் இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருக்கவில்லை. ராத்திரி ஷிஃப்டில் ஃப்ளட் லைட்டுக்கு முன்னால் வாளியைத் தூக்கியிருக்கிறார். வாளி விளக்கை நெருங்க நெருங்க அதன் நிழல் எதிர்ச் சுவர் முழுவதையும் விழுங்குவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார். ஒரு தடவைகூட அவர் அந்த நிழலைப் பார்த்து வாளியின் எடையைக் கணக்குப் போட்டதில்லை.

"அப்படி எடுத்தா படத்தோட ஓரத்துல குறிச்சிருப்பாங்களே. அதைப் பார்த்தா எந்த டாக்டரும் ஸ்கேல் வச்சு அளக்க மாட்டாங்க" என்றார் டாக்டரம்மா.

"அளந்தாரும்மா" என்றார் ஆகாசம்.

அன்றைக்கே எக்கோ எடுத்தார்கள். நெஞ்சில் பசை தடவி, ஒரு கருவியை அழுத்திப் பிடித்ததும் திரையில் இதயம் வந்தது. திறந்து மூடி, திறந்து மூடி, சும்மா சொல்லக் கூடாது, அழகாக வேலை செய்துகொண்டிருந்தது. "பம்பிங் அருமையா இருக்கு. என்னுதைவிட நல்லா இருக்கும்" என்றார் டாக்டரம்மா. பிறகு கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "படத்துல பெருசாத் தெரிஞ்சா சந்தேகப்பட்டு மேல பார்க்கணும், அவ்வளவுதான். அதோட தீர்ப்பு எழுதிடக் கூடாது. படத்துல அடக்கமா, சின்னதா இருக்கும், எக்கோ வச்சுப் பார்த்தா பம்பிங் பாதிகூட இருக்காது. அப்படியும் ஆளுங்க வர்றாங்க. அளவு வேற, வேலை வேற. உங்களுக்கு அளவும் சரி, வேலையும் சரி. வீட்டுக்குப் போய் உப்பு போட்டுச் சாப்பிடுங்க."

வேறு ஒருவராக இருந்தால் குதித்திருப்பார். ஆகாசம் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். மைத்துனன் தெரியாமல் செய்திருப்பானோ என்று முதலில் நினைத்துப் பார்த்தார். எத்தனை வருஷமாக அந்த மெஷினோடு குடித்தனம் நடத்துகிறவன், அவனுக்குத் தெரியாதா? அந்தச் சின்னப் பெண்ணுக்குத் தெரிகிறது. இன்னும் விடுங்க, இன்னும் விடுங்க என்றானே. அப்போது அவன் முகத்தை இவர் பார்க்கவில்லை. குனிந்து உட்கார்ந்திருந்தார். நினைக்க நினைக்க உடம்பு பற்றி எரிந்தது.

மைத்துனன் லீவு முடிந்து வேலைக்கு வந்த அன்றே ஆகாசம் போனார். எக்ஸ்ரே அறையில் வேறு யாரும் இல்லை. ஒரு வார்த்தை பேசாமல் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முதுகை வளைத்தார். "எடு மாப்ள. மூச்சை முழுசா விட்டுட்டேன்."

அவன் முகம் வெளுத்துவிட்டது.

"ஸ்டாண்டு நல்லாத்தானே நிக்குது? எப்ப ரிப்பேர் பண்ணின?"

"மாமா..."

"எந்த இதய டாக்டர்கிட்ட படத்தைக் காட்டின? பேரைச் சொல்லு, நான் போய் ஒரு கும்பிடு போட்டுட்டு வர்றேன்."

"யார்கிட்டயும் காட்டல மாமா."

"மாத்திரை?"

"சத்து மாத்திரைதான்." அவன் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றான். "அக்கா வந்து அழுதுச்சு மாமா. என் கையைப் புடிச்சுக்கிட்டு விடவே இல்ல. உங்களை எப்படியாவது கீழ இறக்கிடுன்னுச்சு. ரெண்டு மாசத்துல சொல்லிடலாம்னுதான் நினைச்சேன். அப்புறம் எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

ஆகாசம் எழுந்தார். அவனை அடிப்பதற்குத்தான் வந்திருந்தார். கை வரவில்லை. "சைக்கிள்ல உன்னை ஏத்தி உட்கார வச்சு, சீட்டைப் புடிச்சுக்கிட்டுப் பின்னாலயே ஓடி வந்தேனேடா. ஒரு நாளாவது உன்கிட்ட சொல்லாம கையை எடுத்தேனா?" என்றார். அவன் அழுதான். அழட்டும் என்று விட்டுவிட்டு வந்துவிட்டார்.

வீட்டில் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். தம்பி அதற்குள் போன் போட்டிருப்பான் போல, அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் மடிப்பது நின்றுவிட்டது.

"என் இதயம் நல்லா இருக்காம்" என்றார்.

"தெரியும்."

அந்த ஒற்றைச் சொல் அவருக்குச் சுருக்கென்று ஏறியது. இல்லை என்று மறுத்திருந்தால், தம்பி மேல் பழியைப் போட்டிருந்தால், கொஞ்சம் ஆறியிருக்கும்.

"நெஞ்சுல கையை வச்சுக்கிட்டு மோட்டுவளையைப் பார்த்துப் படுத்திருந்தேனே. பக்கத்துலதானே இருந்த?"

"இருந்தேன்."

"பொண்ணு போன்ல அழுதாளே. அப்பவாவது சொல்லக் கூடாதா?"

"சொன்னா மறுநாளே ஏறிடுவீங்க."

"ஒரு வருஷம். இன்னைக்குச் செத்துடுவேனா, நாளைக்குச் செத்துடுவேனான்னு ஒரு வருஷம் இருந்தேன்."

அவள் மடித்த துணியைக் கீழே வைத்தாள். "நான் இருபத்திரண்டு வருஷமா அப்படித்தான் இருக்கேன். நீங்க செருப்பு மாட்டுறதுல இருந்து திரும்பி வந்து கழட்டுற வரைக்கும். நீங்க சிரிச்சீங்க."

அவள் சொன்னது உண்மை என்பதால் ஆகாசத்தின் கோபம் போய்விடுமா? வேற்று ஆள் செய்திருந்தால் காறித் துப்பிவிட்டுப் போயிருப்பார். கால் அமுக்கிவிட்ட கை செய்திருக்கிறது. அவள் போட்டதைச் சாப்பிட்டு, அவள் சொன்னபடி நடந்து, அவள் புண்ணியத்தில்தான் உயிரோடு இருக்கிறோம் என்று நன்றியில் உருகியிருக்கிறார். அந்த நன்றியை நினைத்தபோதுதான் அவருக்கு அவமானம் தாங்கவில்லை.

மைத்துனனைப் பற்றிக் கம்பெனியில் மூச்சு விடவில்லை. என்னவென்று சொல்வது? பெண்டாட்டியும் மச்சானும் சேர்ந்து என்னை முட்டாளாக்கிவிட்டார்கள் என்றா? புதுப் படத்தையும் எக்கோவையும் கம்பெனி டாக்டர் முன்னால் வைத்தார். டாக்டர் இரண்டு படத்தையும் மாறி மாறிப் பார்த்தார், ஸ்கேலை எடுத்தார், திருப்பி வைத்தார், தொண்டையைச் செருமினார், ஏறலாம் என்று எழுதிக் கொடுத்தார். சூப்பர்வைசருக்கு வாயெல்லாம் பல். "வா ராஜா. அந்தப் புது ஆள் இழுக்கிற இழுப்புல எனக்கு டீயே இறங்கல."

காலையில் ஆகாசம் முதுகுப் பையை மாட்டிக்கொண்டு ஏறினார். சாமான் அறை ஜன்னலில் இருந்து பார்த்துப் பார்த்து ஏங்கிய அதே ஏணி. ஏணியின் நடுவே வரும் முதல் மேடை வரை கை கால் தானாகப் போயிற்று. இரண்டாவது மேடையில் மூச்சு கொஞ்சம் வாங்கியது. ஒரு வருஷம் உட்கார்ந்திருந்த உடம்பு, வாங்கத்தானே செய்யும். நெஞ்சு திடும் திடும் என்று அடித்தது. வலது கை கம்பியை விட்டுவிட்டு இடது நெஞ்சுக்குப் போயிருந்தது. அவர் அதைக் கொண்டுபோகவில்லை. அதுவாகப் போயிருந்தது.

கையைத் திரும்பக் கம்பியில் வைத்தார். நாலு படி ஏறினார். மறுபடி நெஞ்சுக்குப் போயிற்று. திரையில் பார்த்ததை நினைத்துக்கொண்டார், திறந்து மூடி, திறந்து மூடி. நல்லா இருக்கு, நல்லா இருக்கு என்று வாய்விட்டே சொன்னார். கால் நம்பவில்லை. கீழே பார்த்தார். பிறந்ததிலிருந்து முதல் முறையாக உயரம் தெரிந்தது. அந்த உயரத்தில் ஒரு கையால் ஏணியைப் பிடித்துக்கொண்டு, ஒரு கையால் தன் இதயத்தைப் பிடித்துக்கொண்டு, ஆகாசம் ரொம்ப நேரம் நின்றார். பிறகு இறங்கினார்.

"பழகிடும்யா, நாளைக்குப் பார்க்கலாம்" என்றார் சூப்பர்வைசர். நாளைக்கும் அதே மேடை. அதற்கு அடுத்த நாளும் அதே மேடை. கடைசியில், கீழே நின்று வாக்கிடாக்கியில் சிக்னல் கொடுக்கிற வேலையை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். மேலே அந்த வெடுக்கு ஆள். இவர் கீழே நின்று, "மெதுவா, மெதுவா, ஒரு முழம் இறக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஏறப் போன அந்த முதல் நாள் வீட்டுக்குப் போனதும் அவள் கேட்டாள். "மேல போனீங்களா?"

"போனேன்" என்றார்.

அவள் அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். அவர் அந்தப் பொய்யைத் திருத்தவில்லை. அடுத்த நாளும் திருத்தவில்லை. தினமும் காலையில் வேண்டுமென்றே அந்த முதுகுப் பையில் சாப்பாட்டு டப்பாவை வைத்து, ரேடியோவை வைத்து, அவள் பார்க்கும்படி மாட்டிக்கொண்டு கிளம்பினார். சாப்பாட்டில் உப்பு திரும்பி வந்திருந்தது. அவள் கேட்கவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. கண்ணுக்குக் கீழே கறுத்துக்கொண்டு வந்தது. படட்டும், ஒரு வருஷம் நான் பட்டேன் என்று ஆகாசம் நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டார். தம்பியோடு இரண்டு பேருமே பேசவில்லை.

பிறகு இன்னொரு மத்தியானம் காற்று கிளம்பியது. ஆகாசம் வாக்கிடாக்கியில், "பிரேக்கைத் தளர்த்து, தளர்த்திட்டு உள்ளேயே உட்காரு" என்று மேலே இருக்கிறவனுக்குச் சொன்னார். கிரேனின் கை சுழல ஆரம்பித்தது. கண்ணில் விழுந்த மண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் திரும்பியபோது வாசலில் அவள் நின்றுகொண்டிருந்தாள்.

இந்த முறை யாரும் போன் போடவில்லை. காற்றைப் பார்த்ததும் தானாக ஓடி வந்திருக்கிறாள். ஒரு காலில் செருப்பு இல்லை. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு மேலே கேபினையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருபது அடி தள்ளித் தரையில் நிற்கிற புருஷனை அவள் பார்க்கவில்லை. அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது. கிரேனின் கை அந்தப் பக்கம் திரும்பும்போது அவள் உடம்பும் அந்தப் பக்கம் சாய்ந்தது. நான் மேலே இருந்தபோதெல்லாம் இவள் இப்படித்தான் இருந்திருக்கிறாள் என்பதை ஆகாசம் முதல் முறையாகப் பார்த்தார். அவருக்கு மனசு கேட்கவில்லை. கிட்டே போனார்.

"யாரைப் பார்க்கிற?"

அவள் திரும்பினாள். பேயைப் பார்த்த மாதிரி பார்த்தாள். "நீங்க... எப்ப இறங்கினீங்க?"

"நான் ஏறவே இல்ல. ஒரு நாளும் ஏறல. ஏற முடியல." ஒரு கையைத் தூக்கிக் காட்டினார். "பாதியில கை தானா நெஞ்சுக்குப் போயிடுது. டாக்டரம்மா நல்லா இருக்குன்னு சொன்ன இதயம்தான். அதை என்னால நம்ப முடியல. இனிமே இந்த ஜென்மத்துல ஏற மாட்டேன்."

இப்போதாவது அவளுக்கு உறைக்கும், தான் செய்தது என்னவென்று இப்போதாவது தெரியும் என்று அவர் அவள் முகத்தையே பார்த்தார்.

"அப்பாடா" என்றாள்.

அவள் வேண்டுமென்று சொல்லவில்லை. வாயிலிருந்து நழுவிவிட்டது. உடனே கையால் பொத்திக்கொண்டாள். ஆனால் அந்த முகம் தெளிந்ததை, பல வருஷத்துச் சுமையை யாரோ இறக்கி வைத்தது போலத் தோள் தளர்ந்ததை, ஆகாசம் பார்த்துவிட்டார். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் இவ்வளவு சந்தோஷமாக இருந்து அவர் பார்த்ததில்லை.

வாக்கிடாக்கி கரகரத்தது. "அண்ணே, பயமா இருக்குண்ணே. இறங்கிடவா?"

ஆகாசம் அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பி அண்ணாந்து பார்த்தார். "இறங்காத. காத்து நிக்கட்டும். நான் கீழதான் இருக்கேன், நான் சொல்றப்ப இறங்கு" என்றார். பின்னால் அவள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் திரும்பவில்லை.